காது குத்தின ப்ளாப்பி

உ
கொட்டாம்பட்டி
24-6-1988

மதிப்பிற்குரிய சகாயம் சார் அவர்களுக்கு,

கொட்டாம்பட்டி முத்திருளன் மகள் பாண்டியம்மாள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. என்னை உங்களுக்குத் தெரியாது. உங்களை எனக்குக் கொஞ்சம் தெரியும். உங்கள் ஜாதகப் பொருத்தம் புரோகிராமின் பூட்டை உடைத்து உள்ளே போனவள் நான்தான்.

போனதும் முதல் வரியிலேயே, இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதி வரவேற்றிருந்தீர்கள். "பூட்டை உடைச்ச புண்ணியவானே, உள்ள வந்தாச்சு, செருப்பைக் கழட்டு. துணிச்சல் இருந்தா லெட்டர் போடு. சகாயம், ஆண்டி கம்ப்யூட்டர் சென்டர், மேலமாசி வீதி, மதுரை." செருப்பைக் கழட்டிவிட்டேன். லெட்டரும் போடுகிறேன்.

நான் மேலூரில் சங்கிலி அண்ணன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை பார்க்கிறேன். போன சித்திரையில் அண்ணன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். கூடவே மதுரையிலிருந்து யாரிடமோ உங்கள் புரோகிராமை நகல் எடுத்துக்கொண்டு வந்தார். பெண் நட்சத்திரம், மாப்பிள்ளை நட்சத்திரம் இரண்டையும் தட்டினால் பத்தில் எத்தனை பொருத்தம் என்று அடித்துக் கொடுக்கும். தட்டுவது நான்.

எனக்கே மாப்பிள்ளை பேசினார்கள். பேர் தவசி, பஸ் கண்டக்டர். எங்கள் ஊர் ஜோசியர் ஏழு பொருத்தம் என்று சொல்லி, தட்டு மாற்றுவது வரைக்கும் வந்துவிட்டது. எங்கள் அப்பாதான், "மனுசன் கூட்டுறதுல தப்பு வரும், மெஷினுக்கு வராது. நீ வேல பாக்குற மெஷின்லயே ஒருக்கா பாத்துரு தாயி" என்றார். பார்த்தேன். பத்துக்குச் சைபர். என் கல்யாணத்தை என் கையாலேயே தட்டி நானே நிறுத்தினேன்.

அன்றிலிருந்து வருகிறவர்களின் தாளை எல்லாம் உற்றுப் பார்த்தேன். எல்லோருக்கும் சைபர். அப்புறம்தான் பூட்டை உடைத்தேன். உள்ளே நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன்: இந்த ப்ளாப்பி நகல் என்று தெரிந்தால், யார் எந்த நட்சத்திரம் சொன்னாலும் சைபர் போடு.

துணிச்சல் இருந்தா லெட்டர் போடு என்றீர்கள். போட்டாச்சு. இனிமேல் உங்கள் துணிச்சலைப் பார்க்கவேண்டும்.

இப்படிக்கு,
மு. பாண்டியம்மாள்


+
திருநகர்
27-6-1988

அன்புள்ள பூட்டுடைத்த அக்காவுக்கு,

முதல்ல ஒரு திருத்தம். நான் சாரும் இல்லை, சாரோட சம்சாரமும் இல்லை. முழுப் பேர் சகாயமேரி. வயசு பதினேழு. அடுத்த மாசம் காலேஜ் சேர்றேன். சாயங்காலம் ஆண்டிச்சாமி சார் சென்டர்ல புரோகிராம் எழுதுறேன். எங்க வீட்டுல யாருக்கும் ஜாதகமே கிடையாது. ஊருக்கெல்லாம் நான் பாக்குறேன். சமையக்காரன் வீட்டுல அடுப்பெரியாத மாதிரின்னு அம்மா சொல்வாங்க.

நீங்க லெட்டர் மேல 'உ' போட்டிருந்தீங்க. நான் சிலுவை போட்டிருக்கேன். கணக்குக்காரிக்கு அது ப்ளஸ்தான்.

அக்கா, இப்படிச் சிரிச்சுச் சிரிச்சு எழுதுறேனே, உங்க லெட்டரைப் படிச்சப்ப சிரிக்கலை. சென்டர்ல நின்னுக்கிட்டே படிச்சேன். அப்புறம் உக்காந்துட்டேன்.

நடந்ததைச் சொல்லிடுறேன். நாங்க உருவாக்குற புரோகிராமை ஊர்ல எல்லாரும் ஓசியில நகல் எடுக்குறாங்கன்னு ஆண்டிச்சாமி சார் ஒரே புலம்பல். நான் ஒரு குண்டூசி எடுத்து அசல் ப்ளாப்பியில ஒரு குத்து குத்தினேன். ப்ளாப்பிக்குக் காதுகுத்து! தாய்மாமன், மொட்டை, கறிச்சோறு எதுவும் இல்லாம நடந்த ஒரே காதுகுத்து. ஓட்டை விழுந்த இடத்தை மெஷினால படிக்க முடியாது. நகல் எடுக்குறவங்க ஓட்டையை நகல் எடுக்க முடியுமா? மெஷின் அந்த இடத்துல "படிக்க முடியலை"ன்னு கத்தும், அவங்க "பரவாயில்லை, மேல போ"ன்னு தட்டிடுவாங்க. ஆக, நகல் காது குத்தாம, முழுசா இருக்கும். என் புரோகிராம் ஓடுறதுக்கு முன்னாடி அந்த இடத்தைப் படிச்சுப் பாக்கும். முடியலைன்னா அசல். முடிஞ்சா நகல். பழுது இருந்தாத்தான் நல்லது.

இது வரைக்கும் கெட்டிக்காரத்தனம். இதுக்கு மேல எழுதினதுதான் வம்பு. நகல்னு தெரிஞ்சா எல்லாருக்கும் சைபர் போட்டுட்டா, திருடின கடைக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க, கடையை மூடிட்டுப் போயிடுவாங்கன்னு நெனச்சேன். அந்த வரியைத் தட்டிட்டுத் தனியா உக்காந்து சிரிச்சேன். 'கஸ்டமர்'ங்கிற சொல்லுக்குள்ள ஒரு அக்கா உக்காந்திருப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்லை.

அப்பாவைக் கூட்டிட்டு மதுரைக்கு வாங்கக்கா. இங்க இருக்குறது அசல். சைபர் போடாது. மன்னிப்பை அன்னைக்கு நேர்ல கேக்குறேன். லெட்டர்ல கேட்டா தபால்தலையில இருக்குற முகம்தான் தெரியும், என் முகம் தெரியாது.

வெட்கத்துடன்,
சகாயமேரி

பின்குறிப்பு: பூட்டை எப்படி உடைச்சீங்க? சும்மா ஆசைக்குத்தான் கேக்குறேன்.


உ
கொட்டாம்பட்டி
30-6-1988

அன்புள்ள தங்கச்சி சகாயமேரிக்கு,

ஒரு நடுவயசு ஆளை, மீசையோடு, மனதில் வைத்து ஒரு வாரமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். பதினேழு வயசு என்றதும் திட்டுவதற்குக் கை வரவில்லை. கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது.

மதுரைக்கு வரும் பேச்சை வீட்டில் எடுத்தேன். "மேலூர் மெஷினு சின்ன மெஷினுப்பா, மதுரையில பெரிய மெஷின்ல ஒருதடவை பாக்கலாம்" என்றேன். அப்பா யோசித்துவிட்டு, "விருமாண்டியண்ணனையும் கூட்டிக்கிட்டே போறேன். அவுக கண்ணு முன்னாடி வரட்டும்" என்றார். விருமாண்டி மாமாதான் மாப்பிள்ளையின் அப்பா. அவர் ஒப்புக்கொண்டார், ஆனால் ஒரு வார்த்தை சொன்னார்: "ஆடி பொறந்துட்டா பேச்சு கிடையாது. அப்புறம் வேற எடம் பாத்துருவேன்." ஆடி பிறக்க இன்னும் இரண்டு வாரம்தான். வருகிற பதினொன்றாம் தேதி திங்கட்கிழமை இருவரும் உன் சென்டருக்கு வருகிறார்கள்.

இப்போது சொல்வதைக் கவனமாகப் படி. உன் அசல் மெஷினும் என்னைக் கைவிடும்.

பூட்டை உடைத்தபின் உன் வரிகளை முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாய்! ஆனால் ரஜ்ஜுப் பொருத்தத்தில் ஒரு தப்பு. இருபத்தேழு நட்சத்திரத்தையும் ஐந்து கூட்டமாகப் பிரித்திருப்பார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே கூட்டம் என்றால் எங்கள் பக்கம் மற்ற ஒன்பது பொருத்தம் இருந்தாலும் பேச்சை முடித்துவிடுவார்கள். அது உனக்குத் தெரியும். நான் அனுஷம். அவர் உத்திரம். பஞ்சாங்கத்தில் அனுஷம் தொடைக் கூட்டம், உத்திரம் வயிற்றுக் கூட்டம். நீ அனுஷத்துக்கு இரண்டு என்று தட்டுவதற்குப் பதில் மூன்று என்று தட்டியிருக்கிறாய். அனுஷத்தையும் வயிற்றிலேயே போட்டுவிட்டாய். பக்கத்து வீட்டுப் பஞ்சாங்கத்தையும் வாங்கிப் பார்த்துவிட்டேன். தப்பு உன்னுடையதுதான்.

என்னிடம் திறந்த புரோகிராம் இருக்கிறது. ஒரு வரியை மாற்றினால் பத்துக்குப் பத்து என்று அடித்து அப்பா கையில் கொடுத்திருக்கலாம். நம்பியிருப்பார். இரண்டு நாள் அந்த நினைப்போடுதான் சாப்பிட்டேன். ஆனால் பொய்யால் நின்ற கல்யாணம் இன்னொரு பொய்யால் நடக்கவேண்டாம். ஏழு என்றால் ஏழாகவே வரட்டும்.

திங்கட்கிழமைக்குள் உன் அசலில் அந்த ஒரு எண்ணைத் திருத்திவிடு. உனக்கு இது ஒரு நிமிஷ வேலை.

அன்புடன்,
அக்கா பாண்டியம்மாள்


+
திருநகர்
3-7-1988

அன்புள்ள அக்கா,

ஒரு நிமிஷ வேலைன்னு எழுதினீங்க பாருங்க, அந்த இடத்துல எனக்கு வியர்த்துக் கொட்டிருச்சு.

என்னால திருத்த முடியாது.

இதை உலகத்துல யாருக்கும் சொன்னதில்லை. புரோகிராமைச் சேமிக்கும்போது கடைசியில ஒரு கமா, ஒரு பி. அம்புட்டுதான் பூட்டு. அதுக்கப்புறம் புரோகிராம் ஓடும், ஆனா வரிகளைக் காட்டச் சொன்னா காட்டாது, மாத்தச் சொன்னா மாத்தாது. எழுதினவளுக்கும் காட்டாது! அதனால திறந்த புரோகிராமை ஒரு பேர்லயும் பூட்டினதை வேற பேர்லயும் வைக்கணும். நான் பூட்டு கெடைச்ச சந்தோசத்துல அதே பேர்ல சேமிச்சுட்டேன். திறந்திருந்தது மேலயே பூட்டினது போய் உக்காந்துக்கிச்சு. சாவியை உள்ள வச்சே வீட்டைச் சாத்திட்டேன்.

பங்குனியில இருந்து என் புரோகிராமை நானே பாத்ததில்லை. ஆண்டிச்சாமி சார், "ஏம்மா, கீழ நம்ம சென்டர் பேரு கொஞ்சம் பெருசா வரட்டும்"னு கேப்பாரு. நான் "இப்ப ராகுகாலம் சார்"னுவேன். அடுத்த நாள் கேப்பாரு, "இன்னைக்கு எமகண்டம் சார்"னுவேன். வேதக்காரப் புள்ளைக்கு நம்ம சாஸ்திரம் எம்புட்டுத் தெரியுதுன்னு வர்றவங்ககிட்ட எல்லாம் பெருமை அடிக்குறாரு மனுசன். அதனாலதான் போன லெட்டர்ல "ஆசைக்குக் கேக்குறேன்"னு ஒரு பிட்டைப் போட்டேன். ஆசை இல்லைக்கா, அவசரம்.

அனுஷத்தைப் பத்தி நீங்க சொன்னது சரிதான். நானும் பஞ்சாங்கத்தைப் பாத்தேன். அந்த வரியைத் தட்டும்போது சார் பருத்திப்பால் வாங்கித் தந்தாரு. ஒரு கையில டம்ளர், ஒரு கையில ராசிமண்டலம். பூட்டி வச்சதால வேற யாரும் பாக்கலை. நானும் பாக்கலை. என் புரோகிராமைக் காப்பாத்துறேன்னு நெனச்சு என் தப்பைக் காப்பாத்திக்கிட்டு இருந்திருக்கேன்.

அக்கா, நீங்க திறந்ததை ஒரு ப்ளாப்பியில போட்டு அனுப்புங்களேன். தபால்ல வேணாம், முத்திரை குத்துறேன்னு அதையும் காது குத்திடுவாங்க. உங்க பக்கத்துல இருந்து மதுரைக்கு வர்ற பஸ்ல யாராச்சும் தெரிஞ்ச கண்டக்டர்கிட்ட... நான் பேர் சொல்லலை. நீங்களே யோசிங்க.

உங்க கல்யாணத்துக்கு நான் பூட்டும் போட்டு, தப்பும் போட்டு, கடைசியில திறக்குறதுக்கும் உங்களையே கூப்பிடுறேன். இதைவிடக் கேவலம் வேற என்ன இருக்கு? இருந்தாலும் கூப்பிடுறேன்.

பூட்டுக்கு வெளிய நிக்கிற,
சகாயமேரி


உ
கொட்டாம்பட்டி
7-7-1988

தங்கச்சிக்கு,

இந்தச் சீட்டோடு ப்ளாப்பியும் இருக்கிறது. கொண்டுவந்து தருகிறவர் திருச்சி மதுரை வண்டிக் கண்டக்டர். பேர் உனக்கே தெரியும். பேச்சு நின்றபின் அவரிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்று, "இத மதுரையில மேலமாசி வீதியில சேத்துரணும்" என்று மட்டும் சொன்னேன். "உள்ள என்ன?" என்றார். "மடக்கக் கூடாது, வெயில்ல வைக்கக் கூடாது, டிக்கெட்டுப் பைக்குள்ள போடக் கூடாது" என்றேன். "அப்ப மடியில வச்சுக்கிட்டே போறேன்" என்றார். தான் சுமந்து வருவது தன் கல்யாணம் என்று அவருக்குத் தெரியாது.

பூட்டை உடைத்த விதம்: மெஷினின் மெமரியில் ஒரே ஒரு இடத்தில்தான் பூட்டியிருக்கிறதா இல்லையா என்ற குறிப்பு இருக்கிறது. சர்வீசுக்கு வந்தவர் பேச்சுவாக்கில் சொன்னார். எந்த இடம் என்று தேடத்தான் நாளாச்சு. எதுவும் பூட்டாத நேரத்தில் அந்த இடத்தை மட்டும் ஒரு ப்ளாப்பியில் எடுத்து வைத்துக்கொண்டேன். பிறகு உன் புரோகிராமை ஏற்றி, அதன்மேல் பழைய குறிப்பைத் திரும்பக் கொண்டுவந்து போட்டேன். தான் பூட்டியதையே மெஷின் மறந்துவிட்டது. இடத்தின் எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நீயே ஒருதடவை செய்து பார்.

அனுஷத்தை நான் திருத்தவில்லை. உன் வீடு, நீயே கூட்டு.

பாண்டியம்மாள்


+
திருநகர்
12-7-1988

அன்புள்ள அக்கா,

முதல்ல சேதி. ஏழு! பத்துக்கு ஏழு! ரஜ்ஜு உண்டு! இனி மெதுவா உக்காந்து படிங்க.

பொட்டலம் வியாழக்கிழமையே வந்துருச்சு. உங்க ஆளு படியேறி வந்து, ப்ளாப்பியை ரெண்டு கையாலயும் பிரசாதம் மாதிரி நீட்டுனாரு. "மேலூர்ல குடுத்துவிட்டாங்க. மடக்கல, வெயில்ல வைக்கல"ன்னு ஒப்பிச்சாரு. போகும்போது, "கொடுத்துவிட்டவங்களுக்கு ஏதும் சேதி இருக்கா?"ன்னு கேட்டாரு. நான் "உங்களுக்கு ஏதும் இருக்கா?"ன்னு கேட்டேன். காது சிவந்துருச்சு அக்கா. கறுத்த ஆளுக்கும் காது சிவக்கும்னு அன்னைக்குத்தான் பாத்தேன்.

பூட்டைத் திறந்து என் வரிகளை நான் பாத்தப்ப, தொலைஞ்சு போன தம்பி திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. அனுஷத்தைத் தொடைக்கு அனுப்பிட்டேன். பஞ்சாங்கத்தோட எல்லா வரியையும் ஒத்துப் பாத்தேன். வேற தப்பு இல்லை.

நேத்து உங்க அப்பாவும் விருமாண்டி மாமாவும் வந்தாங்க. கம்ப்யூட்டர் ரூமுக்குத் தூசி ஆகாதுன்னு இங்க எல்லாரும் செருப்பைக் கழட்டணும். உங்க அப்பா செருப்போட தலைப்பாகையையும் கழட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டாரு. விருமாண்டி மாமா என் கழுத்துச் சிலுவையையே பாத்தாரு.

"பாப்பா வேதக்காரப் புள்ளையா?"

"ஆமாங்கய்யா."

"நீ எப்பிடி எங்க நச்சத்திரக் கணக்குப் பாப்ப?"

"கூட்டுறதுதானுங்கய்யா. கூட்டல் குறியே எங்க ஆளுக குறிதான்"னு கழுத்தைக் காட்டுனேன். ஆண்டிச்சாமி சார் என்னை முறைச்சாரு. மாமா லேசாச் சிரிச்சாரு.

தட்டுனேன். பிரின்டர் கிர்ரு கிர்ருன்னு கத்தி ஏழுன்னு அடிச்சுது. நான் வாசிச்சுக் காட்டுனேன். உங்க அப்பா முகத்துல ஒண்ணும் தெரியலை. சட்டைப்பையில இருந்து ஒரு தாளை எடுத்து, மடிப்பைப் பிரிச்சு மேசையில வச்சாரு. நீங்க மேலூர்ல அடிச்ச சைபர்.

"இதுவும் மெஷினுதான், அதுவும் மெஷினுதான். எத தாயி நம்புறது?"

அதுக்குள்ள விருமாண்டி மாமா, "அண்ணே, பொண்ணு மெஷின்ல வேல பாக்குது. இங்க சொல்லி வச்சிருக்கும். துட்டு குடுத்தா ஏழும் வரும், எழுபதும் வரும்"னாரு. உங்க அப்பா தலை குனிஞ்சிருச்சு. ஆண்டிச்சாமி சார், "அது பட்டிக்காட்டு மெஷினுங்க"ன்னு ஆரம்பிச்சாரு. நானும் அப்படியே விட்டிருக்கலாம். விட்டா பழி உங்க மேல போகும்.

"ஐயா, அவங்க பொய் சொல்லலை. மேலூர்ல இருக்குறது நகலு. நகல் எடுத்தா எல்லாருக்கும் சைபர் வரட்டும்னு எழுதி வச்சது நான்"னேன்.

யாரும் நம்பலை. அசல் ப்ளாப்பியை ஜன்னல் பக்கம் திருப்பிக் குண்டூசி ஓட்டையைக் காட்டுனேன். அப்புறம் அவங்க முன்னாடியே, நான் திருத்தாம வச்சிருந்த பழைய புரோகிராமை நகல் எடுத்து மெஷின்ல போட்டேன். "மாமா, உங்க நட்சத்திரமும் ஆத்தா நட்சத்திரமும் சொல்லுங்க"ன்னேன். சொன்னாரு. கிர்ரு கிர்ரு. பத்துக்குச் சைபர்.

மாமா தாளைத் தலைகீழாத் திருப்பிப் பாத்தாரு. "அடிக் கழுத! எனக்கும் சீனியம்மாளுக்கும் அஞ்சு புள்ள பொறந்து, மூத்தவனுக்குப் பொண்ணு பாக்க வந்திருக்கேன்!"னு ரூம் அதிர ஒரு சிரிப்பு. "அசல்லயும் உங்களுக்குப் பாக்கவா மாமா?"ன்னேன். "வேணாந் தாயி, வேணாம். வீட்டுல போயி இருக்கணும்"னுட்டாரு. அசல்ல என்ன வரும்னு மனசுக்குள்ளயே கூட்டிப் பாத்தேன். உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.

எல்லாரும் சிரிச்சோம். உங்க அப்பா சிரிக்கலை.

"ஏந்தாயி அப்பிடி எழுதுன?"

"திருடுறவன் நட்டப்படணும்னுதானுங்கய்யா."

"அவனுக்கு என்ன நட்டம்? அவன் கடையில லைட்டு எரியுது. எம் மவதான் சோறு திங்கல."

அக்கா, நான் எதுக்கும் பதில் வச்சிருக்குறவ. அப்ப அழுதுட்டேன். அவரு என்ன செஞ்சாரு தெரியுமா? தலைப்பாகைத் துண்டை உதறி என்கிட்ட நீட்டிட்டு, "நீ உண்மையச் சொல்லாட்டி எம் மவ பேரு கெட்டிருக்கும். அதுக்கு நான் கடமைப்பட்டிருக்கேன்"னாரு. கெடுத்தவளைப் பாத்துக் கடமைப்பட்டிருக்கேன்னு சொன்ன மனுசனை நான் இதுக்கு முன்னாடி பாத்ததில்லை.

மாமா படியிறங்கும்போது, "ஆடிக்கு முன்னால தட்ட மாத்திருவோம்ணே"ன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு. கேட்டதும் ஒரு விசிலடிச்சேன். சார் அதுக்கும் முறைச்சாரு.

அவங்க போனதும் சாருகிட்ட அனுஷத்தையும் சொல்லிட்டேன். பதிவு நோட்டை எடுத்து என் முன்னாடி வச்சாரு. அப்புறம், "இங்க வந்த அனுஷம் யாரு யாருன்னு எடு. கார்டு போடு. பேரு சென்டர் பேரா இருக்கட்டும், கையெழுத்து உன்னுதா இருக்கட்டும்"னாரு. போட்டுக்கிட்டு இருக்கேன்.

நன்றியுடன், நன்றியுடன், இன்னொரு தடவை நன்றியுடன்,
சகாயமேரி


உ
கொட்டாம்பட்டி
2-8-1988

என் அன்புத் தங்கச்சிக்கு,

ஆனிக் கடைசியில் தட்டு மாற்றியாச்சு. ஆவணியில் கல்யாணம். பத்திரிகை வைத்திருக்கிறேன். வராமல் இருந்தால் இன்னொரு பூட்டை உடைத்துக்கொண்டு உன் வீட்டுக்கே வந்துவிடுவேன்.

அப்பா ஊர் முழுக்க ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு திரிகிறார்: "மெஷினு பொய் சொல்லாது. மனுசப்புள்ள சொல்லச் சொன்னா சொல்லும். அதே புள்ள அழுதா உண்மையும் சொல்லும்." பொட்டலத்தில் என்ன இருந்தது என்று கண்டக்டரிடமும் சொல்லிவிட்டேன். "தெரிஞ்சிருந்தா அன்னைக்கு வண்டிய இன்னும் மெதுவா ஓட்டச் சொல்லியிருப்பேன்" என்றார்.

சங்கிலி அண்ணனிடமும் மறைக்கவில்லை. நகலால் வந்தது இது என்றேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். தலையைச் சொறிந்துகொண்டு, "நம்ம கடையில தாளு வாங்கிட்டுப் போனவங்களப் போய்ப் பாத்துட்டு வந்துரும்மா" என்று சைக்கிளைக் கொடுத்தார். ஆடி மாசம், யாருக்கும் கல்யாண வேலை இல்லை. ஊர் ஊராகப் போனேன். முக்கால்வாசி வீட்டில் பேச்சைத் திரும்ப எடுத்துவிட்டார்கள். ஒரு வீட்டில் மட்டும் நேரமாகிவிட்டது. தங்கப்பொண்ணு என்று என் வயசுப் பெண். அவளுக்கு அதற்குள் வேறு இடத்தில் முடித்துவிட்டார்கள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "பரவால்லக்கா, வந்து சொன்னீகளே" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை உனக்கு எழுத எனக்குத் தெரியவில்லை.

உன்னை வருத்தப்படுத்த எழுதவில்லை. நான் மட்டும் வைத்துக்கொள்ள முடியவில்லை.

தள்ளி உட்கார்ந்திருந்த கோபம் எழுந்து போய்விட்டது. எப்போது போனது என்று பார்க்கவில்லை.

உன் அக்கா,
பாண்டியம்மாள்


+
திருநகர்
18-9-1988

அன்புள்ள பாண்டியம்மாக்காவுக்கும் தவசி அத்தானுக்கும்,

கல்யாணச் சாப்பாடு இன்னும் செரிக்கலை. விருமாண்டி மாமா என்னைப் பந்தியில முதல் இலையில உக்கார வச்சு, வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம், "இந்தப் புள்ளதான் எனக்கும் எம் பொண்டாட்டிக்கும் பொருத்தமே இல்லன்னு கண்டுபுடிச்சது"ன்னு சொன்னாரு. சீனியம்மா ஆத்தா எனக்கு ரெண்டாவது தடவை பாயசம் ஊத்தி, "ரொம்ப நாளா நானும் அதத்தான் சொல்றேன்"னாங்க. உங்க அப்பா கிளம்பும்போது அந்தத் தலைப்பாகைத் துண்டை, வெளுத்து மடிச்சு, என் கையில வச்சாரு. மேசை மேல விரிச்சு அதுமேலதான் இப்ப எழுதுறேன்.

தங்கப்பொண்ணு அக்காவுக்கு ஒரு லெட்டர் எழுதினேன். நாலு தடவை கிழிச்சுட்டு அஞ்சாவதா ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினேன். அதுல ஒரு விளையாட்டும் இல்லை. பதில் வரலை. வரணும்னு நான் கேக்கவும் கூடாது.

உங்களுக்குக் கல்யாணப் பரிசு நேர்ல தரலை. தந்தா பாத்திரங்களோட போயிருக்கும். இந்த லெட்டரோட, தபால்ல முத்திரை குத்தினாலும் படாம ரெண்டு அட்டைக்கு நடுவுல இருக்கு. பயப்படாதீங்க, இந்த ப்ளாப்பிக்குக் காது குத்தலை.

ஆண்டிச்சாமி சார் பூட்டு வேணும்னுட்டாரு. அவரு சொல்றதும் சரிதான், ராவும் பகலும் எழுதினதைச் சும்மா தூக்கிட்டுப் போனா யாருக்குத்தான் எரியாது? அதனால சென்டர் ப்ளாப்பியில ஓட்டையும் இருக்கு, பூட்டும் இருக்கு. ஆனா நகல் எடுத்தா இப்ப சைபர் போடாது. "இது நகல். இதை வச்சு யார் கல்யாணத்தையும் பேசாதீங்க"ன்னு அடிச்சுட்டு நின்னுரும். சங்கிலி அண்ணன் போன வாரம் வந்து அசலே வாங்கிட்டுப் போயிட்டாரு.

பூட்டாத வரிகள் இப்ப உலகத்துல ரெண்டே இடத்துல இருக்கு. ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு இந்த ப்ளாப்பி. நான் மறுபடியும் சாவியை உள்ள வச்சுச் சாத்துற ஆளுன்னு எனக்கே தெரியும். அதுக்காக மட்டும் இல்லை. நான் எழுதுறதை வரி விடாம படிச்சவங்க நீங்க ஒருத்தர்தான். அழகா இருக்குன்னு சொன்னீங்க, அடுத்த வரியிலயே தப்பும் இருக்குன்னு சொன்னீங்க. ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்ற ஆளு எனக்கு வேற இல்லை.

கல்யாணப் பட்டுக்கு அடியில வைங்க. ரேடியோ பக்கத்துல வேணாம், காந்தம் ஆகாது. அத்தான் மடியில வச்சுக்கிட்டாலும் சரிதான், அவருக்குப் பழக்கம்.

முதல் வரியை மாத்திட்டேன். பூட்டு பலமா இல்லைன்னு நமக்குத்தான் தெரியுமே, என்னைக்காவது எவராச்சும் உள்ள வருவாங்க. வந்தா இதைப் படிப்பாங்க:

"பூட்டை உடைச்சு வந்தவங்களுக்கு வணக்கம். செருப்பைக் கழட்ட வேணாம். உள்ள தப்பு இருந்தா ஒரு லெட்டர் போடுங்க. உங்களுக்கு முன்னாடி வந்த அக்கா போட்டாங்க. அதனால ஒரு கல்யாணம் நடந்துச்சு."

உங்கள்,
சகாயமேரி